கண்ணாடியில் மங்கல், காலடியில் ஈரம்! பழைய வேகக் கார்களின் ஹீட்டரைக் காப்பது எப்படி?

கூடலூரைத் தாண்டி ஊட்டிக்கு ஏறும் மலைப் பாதை. ஜனவரி மாதத்து விடியற்காலை. வெளியே பனி மூட்டம். காருக்குள் முதலாளியும் அவருடைய குடும்பமும். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் நம் ஊர்க்காரர். தர்மபுரிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குப் பிழைக்க வந்த டிரைவர்.

முன் கண்ணாடி திடீரென்று மங்கியது. டிரைவர் துணியை எடுத்துத் துடைத்தார். தெளியவில்லை. மூச்சுக் காற்று பட்டு வந்த ஆவியாக இருந்தால் துடைத்ததும் போயிருக்க வேண்டும். இதுவோ எண்ணெய் பூசியது போல இழுபட்டது. ஹீட்டரைப் போட்டு, சூடான காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். மங்கல் குறைவதற்குப் பதிலாகக் கூடியது! கூடவே பாகு காய்ச்சும்போது வருவது போல இனிப்பான ஒரு வாசனை.

ஜன்னலை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டிப் பார்த்தபடி ஓட்டினார். உஷ்ணம் காட்டும் முள்ளை ஒரு முறை பார்த்தார். அது பாதிக்கும் கீழே இருந்தது. "எஞ்சின் சூடாகவில்லை, பயமில்லை" என்று நினைத்தார். அடுத்த இரண்டு வளைவுகளில் எஞ்சின் இழுக்க மறுத்தது. பிறகு நின்றே விட்டது.

காரைக் கட்டி இழுத்துக் கொண்டு வந்து பிரித்துப் பார்த்தார்கள். எஞ்சினில் தண்ணீர் இல்லை. சூட்டில் அலுமினிய ஹெட் கோணிப் போயிருந்தது. செலவு டிரைவரின் பல மாதச் சம்பளம். "தண்ணீர் பார்க்காமல் ஓட்டினாய்" என்று முதலாளி ஒரு பகுதியைச் சம்பளத்தில் பிடித்துக் கொண்டார்.

தண்ணீர் எங்கே போயிற்று? காருக்கு அடியில் ஒரு சொட்டுக் கூட ஒழுகவில்லை. எல்லாம் காருக்குள்ளேயே, முன் சீட்டின் கால் விரிப்புக்கு அடியில் தேங்கிக் கிடந்தது. குற்றவாளி, டேஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஒரு சின்னப் பெட்டி. அதன் பெயர் ஹீட்டர் கோர். கடைகளில் 'ஹீட்டர் காயில்' என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள்.

பழைய கார்களை ஓட்டுகிற, பழுது பார்க்கிற தமிழர்கள் இந்த ஊரில் ஏராளம். 20, 25 வயதான வேகக் கார்களை ஆசைப்பட்டு வாங்கி, 15 ஆண்டுகளுக்குப் பிறகும் பதிவைப் புதுப்பித்து வைத்திருக்கும் முதலாளிகளும் பெருகியிருக்கிறார்கள். ஆகவே இந்தச் சின்னப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்துத் தெரிந்து கொள்வது நல்லது.

அது என்ன பெட்டி?

ரேடியேட்டரை எல்லோருக்கும் தெரியும். ஹீட்டர் கோர் என்பது அதனுடைய குட்டி. பெரிய புத்தகம் ஒன்றின் அளவுதான் இருக்கும். உள்ளே மெல்லிய குழாய்கள். குழாய்களைச் சுற்றித் தகட்டு மடிப்புகள். பழைய கார்களில் இது பித்தளை அல்லது செம்பால் ஆனது. ஈயப் பற்று வைத்தது. பிந்திய கார்களில் அலுமினியம். இரு பக்கமும் பிளாஸ்டிக் மூடிகள்.

ஓடும் எஞ்சினில் தண்ணீர் சுமார் 90 டிகிரி சூட்டில் இருக்கும். அதில் ஒரு பங்கு ஒரு ஹோஸ் வழியாக இந்தப் பெட்டிக்குள் வந்து, இன்னொரு ஹோஸ் வழியாக எஞ்சினுக்குத் திரும்புகிறது. பின்னாலிருந்து ஒரு விசிறி காற்றை ஊதுகிறது. பெட்டியைத் தாண்டி வரும் காற்று சூடாகிக் கண்ணாடிக்கும் காலடிக்கும் போகிறது. ஹீட்டர் என்பது இவ்வளவுதான்.

"எங்கள் பெங்களூரில் ஹீட்டர் எதற்கு? நான் அதைத் தொடுவதே இல்லை" என்று பலர் சொல்வார்கள். இங்கேதான் ஏமாற்றம் இருக்கிறது. பல கார்களில் ஹீட்டர் திருகைத் திருப்பினால் மூடுவது காற்று வரும் கதவு மட்டுமே. வெந்நீர் அந்தப் பெட்டிக்குள் எப்போதும் ஓடிக் கொண்டுதான் இருக்கும். நீங்கள் ஹீட்டர் போட்டாலும் போடாவிட்டாலும் பெட்டி தேய்கிறது. தண்ணீரை அடைக்கும் வால்வு வைத்த கார்களிலோ, ஆண்டுக் கணக்கில் ஓடாத தண்ணீர் உள்ளேயே தேங்கிச் சேறு கட்டுகிறது.

ஹீட்டர் கோர் குளிரினால் கெடுவதல்ல. அதற்குள் நாம் விடுகிற தண்ணீரால் கெடுகிறது. இதை மனதில் வைத்துக் கொண்டால் மீதி எல்லாம் எளிது.

வேகக் கார்களில் மட்டும் என்ன தனிச் சிக்கல்?

தண்ணீரைத் தள்ளும் வாட்டர் பம்ப், பழைய கார்களில் எஞ்சினோடு பெல்ட்டால் கட்டப்பட்டது. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ, பம்பும் அவ்வளவு வேகமாகச் சுற்றும். இந்த வகைப் பம்பில் சுற்று இரண்டு மடங்கானால், தள்ளும் அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். சுற்று மூன்று மடங்கானால் அழுத்தம் ஒன்பது மடங்கு!

ஊருக்குள் 2,000 சுற்றில் மெதுவாக ஓட்டுகிறவரின் காரையும், நெடுஞ்சாலையில் 6,000 சுற்று வரை முறுக்குகிறவரின் காரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் இருப்பது அதே மெல்லிய குழாய்தான். 20 ஆண்டு பழகி, உள்ளே அரித்து, காகிதம் போல ஆன குழாய் அந்த அடியை எத்தனை நாள் தாங்கும்?

இதை வேகக் கார் செய்தவர்களே யோசித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1979 முதல் 1993 வரை வெளிவந்த ஃபோர்டு மஸ்டாங் கார்களில், 5 லிட்டர் வி-8 எஞ்சின் கொண்டவை இன்றும் ஆர்வலர்களிடம் இருக்கின்றன. அந்தக் கார்களில் ஹீட்டருக்குள் தண்ணீர் நுழையும் ஹோசுக்கு நடுவே சிறிய துளையுள்ள ஒரு தடுப்பு வைக்கப்பட்டது. எஞ்சின் என்ன வேகத்தில் சுற்றினாலும் பெட்டிக்குள் பாயும் தண்ணீரின் வேகத்தை அது கட்டுப்படுத்தும். பிற்காலத்தில் ஹோஸ் மாற்றுகிறவர்கள், "இது என்ன அடைப்பு?" என்று அந்தத் தடுப்பைத் தூக்கி எறிந்து விடுவதுண்டு. தடுப்பு போன பிறகு புதுப் பெட்டியும் அடி தாங்காது. அதை மாற்ற டேஷ்போர்டையே இறக்க வேண்டும்.

நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பழைய ஹோசைக் கழற்றும்போது உள்ளே ஏதாவது தடுப்போ, வால்வோ இருந்தால் அதை எறியாதீர்கள். எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குறித்துக் கொண்டு, புது ஹோசிலும் அப்படியே வையுங்கள்.

வேகக் கார்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றின் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பதில்லை. பெரிய விளக்கு, சத்தமான ஹார்ன், பாட்டுக்கு ஆம்ப்ளிஃபயர், கூடுதல் விசிறி என்று ஒவ்வொன்றாக மாட்டுவார்கள். இவற்றின் மின்சாரமும் ஹீட்டர் கோருக்கு எமனாக முடியும். எப்படி என்பதைக் கீழே பார்ப்போம்.

முதல் எதிரி: கண்ட கண்ட தண்ணீர்

ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? பக்கத்து டீக்கடையில் ஒரு சொம்பு வாங்கி ஊற்றுகிறோம். அது பெரும்பாலும் போர் தண்ணீர். பெங்களூரில் காவேரித் தண்ணீர் எட்டாத பகுதிகளில் போர் தண்ணீர் எவ்வளவு கடினமானது என்பது பக்கெட்டில் படிகிற வெள்ளைக் கறையைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளைக் கறைதான் காருக்குள்ளும் படிகிறது. ரேடியேட்டரின் குழாய் சற்றுப் பெரியது, தாங்கிக் கொள்ளும். ஹீட்டர் கோரின் குழாய் சிறியது; முதலில் அடைவது அதுதான்.

இதற்கு எங்கள் ரயில்வேயைவிட நல்ல சாட்சி கிடையாது. நீராவி எஞ்சின் காலத்தில், கடினத் தண்ணீர் கிடைக்கும் ஊர்களில் கொதிகலனுக்குள் சுண்ணாம்பு படிவது பெரிய தலைவலி. தண்ணீரை மென்மையாக்கித்தான் ஏற்றுவார்கள். பிறகு வந்த டீசல் எஞ்சின்களிலும் குழாய்த் தண்ணீரை அப்படியே விடுவதில்லை. உப்பு நீக்கிய தண்ணீரில் துருத் தடுப்பு மருந்தைக் கலந்துதான் விடுகிறார்கள். பல டன் எடையுள்ள எஞ்சினுக்கே இவ்வளவு பத்தியம் என்றால், காகிதக் கனமுள்ள கார் குழாய்க்கு வேண்டாமா?

ஆகவே காரில் ஊற்ற வேண்டியது கூலண்ட். கலந்து தயாராக வருவதை வாங்கினால் அப்படியே ஊற்றலாம். கெட்டியாக வருவதை வாங்கினால், பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலக்கலாம். வழியில் அவசரத்துக்கு வேறு தண்ணீர் ஊற்ற நேர்ந்தால் ஊற்றுங்கள், தவறில்லை. ஊர் திரும்பியதும் முழுவதையும் இறக்கிவிட்டு மாற்றி விடுங்கள்.

இரண்டாம் எதிரி: செத்துப் போன கூலண்ட்

"என் காரில் பச்சைத் தண்ணீர்தான் இருக்கிறது" என்று நிம்மதி அடையக் கூடாது. பச்சை என்பது சாயம். கூலண்டின் உயிர் அதில் கலந்திருக்கும் துருத் தடுப்பு மருந்து. பழைய வகைக் கூலண்டில் அந்த மருந்து சுமார் 2 ஆண்டுகளில் அல்லது 40,000 கிலோமீட்டரில் தீர்ந்து விடும். நீண்ட ஆயுள் வகை என்றால் சுமார் 5 ஆண்டு. உங்கள் காரின் கையேட்டில் எழுதியிருப்பதே இறுதி.

மருந்து தீர்ந்த கூலண்ட் புளித்துப் போகும். அமிலத் தன்மை வந்து உலோகத்தை உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். எஞ்சினில் இரும்பு, ஹெட்டில் அலுமினியம், ஹீட்டரில் பித்தளை, பற்று வைத்த ஈயம் என்று நாலு உலோகம் ஒரே நீரில் கிடந்தால் அது ஒரு பேட்டரி போல வேலை செய்யும். அதில் மெலிந்த உலோகம் முதலில் ஓட்டையாகும்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரே நிறம் என்பதால் இரண்டு கூலண்டும் ஒரே வகை என்று நினைத்துக் கலக்காதீர்கள். நிறத்துக்கும் வகைக்கும் உறுதியான தொடர்பு கிடையாது. சில வகைகள் ஒன்று சேர்ந்தால் கூழாகிக் குழாயை அடைக்கும்.

மூன்றாம் எதிரி: திசை மாறிய மின்சாரம்

இது பல மெக்கானிக்குகளும் கவனிக்காத எதிரி. காரில் ஒவ்வொரு விளக்கின் மின்சாரமும் பாடி வழியாகவோ எர்த் ஒயர் வழியாகவோ பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். எர்த் ஒயர் துருப்பிடித்தோ, அறுந்தோ, போல்ட் தளர்ந்தோ இருந்தால் மின்சாரம் வேறு வழி தேடும். கூலண்டின் வழியாகவும் அது போகும். அப்படிப் போகும்போது ஹீட்டர் கோரின் உலோகத்தைக் கரைத்துக் கொண்டே போகும். ஆண்டுகள் தாங்க வேண்டிய பெட்டி சில மாதங்களிலேயே பொத்தல் ஆகிவிடும்.

"புதுசு போட்டேன், ஆறு மாதத்தில் மறுபடி ஒழுகுகிறது, டூப்ளிகேட் மால் கொடுத்து விட்டான்" என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்கள், முதலில் தங்கள் காரின் எர்த் ஒயரைப் பார்க்க வேண்டும்.

இதைச் சோதிக்கச் சாதாரண மல்ட்டி மீட்டர் போதும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வையுங்கள். சிவப்பு முனையைக் கூலண்டில் முக்குங்கள். அது உலோகத்தைத் தொடக் கூடாது.

மீட்டர் 0.1 வோல்ட் அல்லது அதற்குக் குறைவாகக் காட்டினால் கவலையில்லை. 0.3 அல்லது அதற்கு மேல் காட்டினால் உடனே கவனிக்க வேண்டும்.

பிறகு ஒருவரை உள்ளே உட்கார வைத்து, விளக்கு, விசிறி, ஹார்ன், ஆம்ப்ளிஃபயர் என்று ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். எதைப் போடும்போது எண் தாவுகிறதோ, அதனுடைய எர்த்தில் கோளாறு. செல்ஃப் அடிக்கும்போது தாவினால், எஞ்சினிலிருந்து பேட்டரிக்கும் பாடிக்கும் போகிற தடித்த எர்த் பட்டையில் கோளாறு.

எல்லாவற்றையும் அணைத்து, பேட்டரி ஒயரையும் கழற்றிவிட்டு, எஞ்சின் உலோகத்துக்கும் கூலண்டுக்கும் நடுவே பார்க்கிறீர்கள். அப்போதும் எண் குறையவில்லையா? அப்படியானால் கூலண்டே புளித்து விட்டது, மாற்றுங்கள்.

இந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் கால் மணி. ஆகும் செலவு ஒன்றுமில்லை.

நான்காம் எதிரி: தப்பான மூடி

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. அது ஒரு வால்வு. தண்ணீரை அழுத்தத்தில் வைத்து, சீக்கிரம் கொதிக்காமல் பார்த்துக் கொள்கிறது. மூடியின் தலையிலேயே 0.9 என்றோ 1.1 என்றோ பொறித்திருப்பார்கள். ஏறக்குறைய அந்த அளவு அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும்.

மூடியின் ரப்பர் இற்றுப் போனால் அழுத்தம் நிற்காது. அப்போது என்ன ஆகும்? கடல் மட்டத்தில் திறந்த தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. சுமார் 920 மீட்டர் உயரமுள்ள பெங்களூரில் 97-ல் கொதிக்கும். சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியிலோ 93-க்குள் கொதித்து விடும். எஞ்சினின் சாதாரணச் சூடே 90 என்னும்போது, மலை மேல் கெட்ட மூடியோடு போவது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள்.

இதற்கு நேர்மாறாகச் சிலர், "வேகக் காருக்குக் கெட்டி மூடி போடலாம்" என்று அதிக எண் உள்ளதை வாங்கிப் போடுகிறார்கள். கூடுகிற அழுத்தத்தைக் காட்டிக் கொடுக்கப் போவது எது? இருப்பதிலேயே பலவீனமான ஹீட்டர் கோர்தான். கையேட்டில் உள்ள எண் எதுவோ அதையே போடுங்கள்.

ஹெட் கேஸ்கெட் கசிந்தாலும், எஞ்சினின் வெடிப்பு வாயு தண்ணீருக்குள் புகுந்து அழுத்தத்தை ஏற்றும். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய சில நிமிடங்களிலேயே ஹோஸ் கல் போல இறுகினால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

ஐந்தாம் எதிரி: மஞ்சள் தூள் வைத்தியம்

ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள் தூள் போடுவது நம் டிரைவர்களின் பழைய கைமருந்து. கடைகளில் விற்கும் லீக் அடைக்கும் பவுடரும் கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் செய்கிறது. காட்டு வழியில் மாட்டிக் கொண்டால் வீடு வந்து சேர இது உதவலாம். ஆனால் அந்தத் தூளுக்கு ஒழுகும் ஓட்டை எது, ஒழுங்கான குழாய் எது என்று தெரியாது. எங்கே குறுகலோ அங்கே அடைக்கும். குறுகலான இடம் ஹீட்டர் கோர்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம். "சூடாகாது, நல்லது" என்று செய்கிறார்கள். எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராது. பெட்ரோல் அதிகம் குடிக்கும். ஹீட்டரும் சூடு தராது. பிறகு "ஹீட்டர் கோர் அடைத்து விட்டது" என்று அதையும் கழற்றுவார்கள்!

கெடப் போவதை முன்பே அறிவது எப்படி?

ஹீட்டர் கோர் சொல்லாமல் சாவதில்லை. அது சொல்வதை நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான். அடையாளங்கள் இவை:

முன் கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பான படலம் படிவது.

காருக்குள் இனிப்பு வாசனை. குறிப்பாக ஹீட்டர் போடும்போது.

முன் சீட்டின் கால் விரிப்புக்கு அடியில் ஈரம். ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தாலும் இப்படி ஈரம் வரும். வித்தியாசம் காண்பது எளிது. ஏ.சி. தண்ணீர் வெறும் தண்ணீர். நிறமும் மணமும் இருக்காது. கூலண்ட் என்றால் நிறம் இருக்கும், விரலில் வழவழக்கும். வெள்ளைக் காகிதத்தை ஒற்றிப் பார்த்தால் தெரிந்து விடும்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம்.

கீழே ஒழுக்கு எதுவும் இல்லாமலே தண்ணீர் குறைந்து கொண்டே வருவது. இதுதான் மிக முக்கியம்.

அடைப்பை அறிய இன்னொரு வழி. எஞ்சின் சூடானதும், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோசையும் சுழலும் பெல்ட்டில் கை படாமல் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் நல்ல சூடாக இருக்க வேண்டும். ஒன்று கொதித்து, மற்றது ஆறியிருந்தால் உள்ளே அடைப்பு, அல்லது வால்வு திறக்கவில்லை.

முள்ளை நம்பாதே!

ஊட்டிப் பாதையில் நம் டிரைவரை ஏமாற்றியது உஷ்ண முள். அது ஏன் கீழே இருந்தது? சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருக்கும்போதுதான் சரியான அளவைக் காட்டும். தண்ணீர் வற்றி, சென்சார் காற்றில் நின்றால் முள் இறங்கிக் கூடப் போகலாம். எஞ்சின் எரிந்து கொண்டிருக்கும். முள் சுகமாகத் தூங்கும்!

ரயில் டீசல் எஞ்சின்களில் தண்ணீர் குறைந்தால் எஞ்சினையே நிறுத்திவிடும் 'லோ வாட்டர் ஸ்விட்ச்' உண்டு. பழைய கார்கள் பலவற்றில் அப்படி எதுவும் இல்லை. அந்த ஸ்விட்ச் டிரைவரின் கண்தான். முள் மேலே போனாலும் ஆபத்து. வழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று கீழே போனாலும் ஆபத்து. இரண்டிலும் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஆறிய பிறகே மூடியைத் தொட வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

கெட்டே விட்டது, இனி என்ன செய்வது?

உள்ளே ஒழுகுகிறது என்று தெரிந்தால் ஹீட்டரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். அந்த ஆவியை முகர வேண்டாம். கால் மேல் சொட்டினால் வெந்து விடும்.

வழியில் மாட்டிக் கொண்டால், எஞ்சின் ஆறியதும், ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோசையும் ஹீட்டர் பக்கத்தில் கழற்றி, ஒரு துண்டுக் குழாயால் ஒன்றோடொன்று இணைத்து கிளாம்ப் போடலாம். இதைத்தான் 'பைபாஸ்' என்கிறார்கள். இரண்டு முனையையும் தனித் தனியே அடைத்து விடாதீர்கள். சில எஞ்சின்களில் தண்ணீரின் சுற்றோட்டமே அந்த வழியாகத்தான் நடக்கிறது. குறைந்த தண்ணீரை நிரப்பிக் கொண்டு ஊர் வந்து சேரலாம்.

பைபாஸ் செய்த காரைப் பெங்களூர் வெயிலில் நாள் கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் மழையிலும் பனியிலும் கண்ணாடியைத் தெளிய வைக்கச் சூடான காற்று இருக்காது. மலைப் பயணத்துக்கு அந்தக் கார் ஆகாது.

புதுப் பெட்டி போடும்போது கவனிக்க வேண்டியவை:

பழைய ஹோஸ் ஒட்டிக் கொண்டு வராவிட்டால் பிளையரால் திருகி இழுக்காதீர்கள். குழாயின் மூக்கு பெயர்ந்து விடும். பிளேடால் ஹோசை நீளவாக்கில் கீறி உரியுங்கள். ஹோஸ் விலை சொற்பம். கோர் மாற்றும் கூலி பெரிது.

பெட்டியைச் சுற்றியிருக்கும் ஸ்பாஞ்சைப் புதிதாக ஒட்டுங்கள். அது காற்றுக்கு மட்டுமல்ல; பெட்டி அதிராமல் இருக்கவும் வேண்டும்.

உள்ளே கழுவும்போது கம்ப்ரஷர் காற்றை அடிக்காதீர்கள். டயருக்கு வைத்த காற்றின் வேகம் பழைய பெட்டியைப் பிளந்து விடும். தண்ணீரை மெதுவாக, வெளியேறும் குழாய் வழியாக எதிர்த் திசையில் விட்டுக் கழுவுங்கள்.

டேஷ்போர்டை மூடும் முன்பே, கைப் பம்ப் உள்ள பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் உள்ள எண் அளவுக்கு அழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் வையுங்கள். முள் இறங்கக் கூடாது.

தண்ணீர் நிரப்பும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காரின் முன்பக்கம் சற்று உயர நிறுத்தி, ரேடியேட்டர் விசிறி சுற்றும் வரை எஞ்சினை ஓட விடுங்கள். உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பழைய பெட்டியைக் கொன்றது எது என்று கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டாதீர்கள். தண்ணீரா, மின்சாரமா, மூடியா, கேஸ்கெட்டா? அதைச் சரி செய்யாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

கழற்றிய கூலண்டைச் சாக்கடை ஓரத்தில் ஊற்ற வேண்டாம். வாயால் உறிஞ்சி எடுக்கவும் வேண்டாம். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும் விஷம். குழந்தைகளும் தெரு நாய்களும் இனிப்பென்று நக்கினால் உயிருக்கே ஆபத்து. டப்பாவில் மூடி, எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஒரு ரூபாய்ப் பேனா, ஒரு சின்ன நோட்டு

நம் டிரைவர் மீது தவறே இல்லையா? அவரே ஒப்புக் கொண்டார். ஊட்டிப் பயணத்துக்கு முன் ஒரு மாதமாக வாரம் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறார். "குறைந்தது, ஊற்றினேன். எங்கே போகிறது என்று கேட்கவில்லை, சார்" என்றார். முதலாளியிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முதலாளியும் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் சொன்னதற்கு ஒரு சாட்சி இருந்திருக்கும்.

இப்போது அவர் வேறு ஒரு முதலாளியிடம் வேலை பார்க்கிறார். அதுவும் பழைய வேகக் கார்தான். டேஷ்போர்டுப் பெட்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறார். திங்கட்கிழமை தோறும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் மட்டத்தைப் பார்த்துத் தேதியோடு எழுதுகிறார். எவ்வளவு ஊற்றினார் என்பதையும் எழுதுகிறார். மாதம் ஒரு முறை கால் விரிப்பைத் தூக்கிப் பார்க்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மீட்டர் சோதனை. முதலாளி மாதா மாதம் அந்த நோட்டில் கையெழுத்துப் போடுகிறார்.

முதலாளிக்கு எஞ்சின் பிழைத்தது. டிரைவருக்குச் சம்பளம் பிழைத்தது.

நாளைக் காலையில் வண்டி எடுக்கும் முன் உங்கள் கால் விரிப்பையும் ஒரு முறை தூக்கிப் பாருங்கள். காய்ந்திருந்தால் சந்தோஷம். ஈரமாக இருந்தால், இன்றே மெக்கானிக்கைப் பாருங்கள்; மலைக்குப் போகும் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.